கண்ணாடிக்கு அப்பீல் கிடையாது

வக்கீலம்மாவிடம் குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நியாயம் அவள் பக்கம் இருக்கும், ஆதாரம் கையில் இருக்கும், கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், ஜெயித்த மாதிரிதான். அம்மணி உட்கார மாட்டாள். இன்னொரு உதாரணம் எடுப்பாள், அந்த உதாரணத்துக்கு ஒரு முன்கதை சொல்வாள், முன்கதையில் வந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்வாள். முன்வரிசை கொட்டாவியை மென்று விழுங்கும். பின்வரிசை ஒவ்வொன்றாகக் கம்பி நீட்டும்.

அவளை நிறுத்த உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும். அவள் தம்பி. கட்சியில் அவனுக்கு விசில் என்று பெயர்.

விசில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விடுமுறை நாட்களில் கைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவான். அக்கா தொழிலாளர் கோர்ட்டை விட்டுவிட்டு நகராட்சித் தேர்தலில் நின்றபோது, கூடமாட இருக்கலாமே என்று வந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டான். இப்போது அவளுடைய தனிச் செயலாளர். அரசாங்கச் சம்பளம், கழுத்தில் அடையாள அட்டை, அலுவலகத்தில் தனி மேஜை. யாராவது “நீங்க மேடத்தோட தம்பிதானே?” என்று கேட்டுவிட்டால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். “செயலாளர்” என்பான். தம்பி என்பதால் கிடைத்த வேலை என்று எவனும் பேசிவிடக் கூடாதே என்ற பயம். தம்பி என்பதால்தான் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தம்பிதானே என்று ஒரு நாளும் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நகராட்சிக் காலத்தில் ஒரு தடவை தெருவிளக்கு ஒப்பந்தத்தைப் பற்றி அக்கா வெளுத்து வாங்கினாள். வாங்கிக்கொண்டே இருந்தாள். அவள் கட்சி உறுப்பினர்களே இரண்டு பேர், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்குமே என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த இரண்டு ஓட்டில் தீர்மானம் தோற்றது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் விசில்தான் சொன்னான்.

“நான் பின்சுவர்ல நிக்கறேன். நீ என்னைப் பாத்துப் பேசு. காதைத் தொட்டா சத்தம் பத்தலை. உள்ளங்கையைக் கீழே அழுத்தினா வேகத்தைக் குறை. கையைக் கட்டிக்கிட்டா உனக்குக் கோபம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.”

“முடிக்கணும்னா?”

“கண்ணாடியைக் கழட்டுவேன். கழட்டின நிமிஷம் வாக்கியத்தை முடிச்சிட்டு உக்காரணும். பாதியில இருந்தாலும் சரி.”

“நீ தப்பாக் கழட்டினா?” வக்கீல் புத்தி எங்கே போகும்.

“நடுவர் ஊதிட்டா ஆட்டம் நிக்கணும். தப்பா ஊதினாலும் நிக்கணும். சண்டையெல்லாம் அப்புறம். மத்த சைகைக்கெல்லாம் நீ அப்பீல் பண்ணலாம். கண்ணாடிக்கு அப்பீல் கிடையாது.”

அன்றிலிருந்து அக்கா பேசும் மண்டபத்தில், அவளை உட்காரச் சொல்வதற்குத் தவிர வேறு எதற்கும் விசில் கண்ணாடியைத் தொட்டதில்லை. வியர்த்து வழிந்தாலும் தொட மாட்டான், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தொட மாட்டான். விளையாட்டுக்காரர்கள் மாட்டுகிற மாதிரி பிடரியோடு ஒரு நாடா போட்டுக் கட்டிவைத்திருப்பான். அது நழுவினால் அக்காவின் அரசியல் நழுவும் என்பது அவன் கணக்கு.

அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டுதான் அக்கா மளமளவென்று மேலே போனாள். நகராட்சியிலிருந்து பாராளுமன்றம். பாராளுமன்றத்தில் சுகாதார மந்திரி. மந்திரியான கையோடு அரசு ஆஸ்பத்திரிகளில் பெரிய மனிதர்களின் மாமன் மச்சான்களுக்குக் கொடுத்த வேலைகளை எல்லாம் ரத்து செய்து, பரீட்சை எழுதி வெளியே காத்திருந்தவர்களை உள்ளே கூப்பிட்டாள். ரத்தானவர்களில் சொந்தக் கட்சித் தலைவரான பிரதமரின் மருமகனும் ஒருவன். மறுவாரமே மந்திரி பதவி போயிற்று. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. மருந்தாளுநர்களும் நர்சுகளும் வேலை முடிந்து வந்த உடுப்போடு தெருவில் இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அப்பா அம்மாக்கள் இறங்கினார்கள், பிறகு யார் யாரோ இறங்கினார்கள். பேருந்து ஓட்டுநர்கள் நடுச்சாலையில் நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தார்கள். கடைசியில் பிரதமர் உடல்நிலை காரணமாக விலகினார். உடம்புக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆளுங்கட்சிக்குப் புதுத் தலைவரைக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயிப்பவர் பிரதமர். நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் நிதியமைச்சர், வழவழவென்று பேசுகிற மனிதர். இன்னொருத்தி அக்கா.

ஓட்டெடுப்பு அன்று காலையில் விசிலுக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். அவள் ஒரு புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவன் முகத்தில் மாட்டி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

“நாடா எங்கே?” என்றான் விசில்.

“அந்த அழுக்கு நாடாவோட இன்னிக்குப் போய் நிக்காதீங்க. நாடே டிவியில பாக்கப்போவுது. உங்களைப் பாத்தா பிரதமரோட செயலாளர் மாதிரியா இருக்கு? பந்து பொறுக்கப் போறவர் மாதிரி இருக்கு.”

“நழுவுமே.”

“தலையை ஆட்டாம நில்லுங்க. ஒரு நாள்தானே.”

பிரதமரோட செயலாளர் என்று அவள் வாயால் கேட்டதும் விசிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாடாவை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

கட்சி அலுவலகம் சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. படிக்கட்டு முழுக்க ஆட்கள், தாழ்வாரம் முழுக்கக் கேமரா ஒயர்கள். எவனோ தடுக்கி விழுந்து, எழுந்து, ஒயரையே திட்டினான். தெரியாதவர்கள் எல்லாம் விசிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அக்காவின் பேச்சை நகல் எடுக்க அவன் ஜெராக்ஸ் அறைக்குள் நுழைந்தபோது பின்னாலேயே ஒருவர் வந்து கதவைச் சாத்தினார். கட்சிக் கொறடா. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது அவருக்குத் தெரியும், சாய்த்துவிடவும் தெரியும்.

“விசிலு, நிலைமை இழுபறி. என் பின்னாடி ஒரு கூட்டம் இருக்கு. அவங்களை உங்க பக்கம் கொண்டுவர்றேன்.”

“நல்லது. அதுக்கு என்ன?”

“உங்கக்கா என்ன சொல்லப்போறாங்க? எந்த மந்திரியும், எந்த உறுப்பினரும் சொந்தக்காரங்களை அரசாங்கச் சம்பளத்துல வெச்சுக்கக் கூடாதுன்னு. சொல்லட்டும், நல்லா சொல்லட்டும். ஆனா என் ஆளுங்க பாதிப் பேரு பொண்டாட்டி, பையன், மச்சான்னு ஆபீசை ரொப்பி வெச்சிருக்காங்க. இப்ப இருக்கறவங்க இருக்கட்டும், இனிமே புதுசா வர்றவங்களுக்குத்தான் இந்த விதின்னு ஒரே ஒரு பத்தி சேத்துக்கச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்.”

கொறடா அவன் கழுத்தில் தொங்கிய அட்டையை ஒரு விரலால் நிமிர்த்தினார்.

“உனக்கும் அதுதானே நல்லது?”

சுருக்கென்றது. அந்தச் சட்டத்தின் முதல் வெட்டு தன் கழுத்தில்தான் விழும் என்பது விசிலுக்குத் தெரியாமலில்லை. வாரக்கணக்காக அதை நினைக்காமலே இருக்கப் பழகியிருந்தான். இப்போது ஒருவர் கதவைத் திறந்து இந்த வழியாக வெளியே வா என்று கூப்பிடுகிறார். வெட்கமாகவும் இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

அக்கா மாடியில் ஒரு சின்ன அறையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நின்றாள்.

“இருக்கறவங்க இருக்கட்டும்னா, அப்புறம் அது சட்டமா? பல்லில்லாத வாய்.”

“முதல்ல ஜெயிக்கணும்க்கா. ஜெயிச்சாத்தான் பல்லு கட்ட முடியும்.”

“உனக்காகக் கேக்கறியா?”

“கட்சிக்காகக் கேக்கறேன்.” அவன் காது மடல் சிவந்தது. அக்காவுக்கு அந்தக் காதைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மோதிரக் கையால் நெற்றியைத் தேய்த்தாள். ஜன்னலுக்குக் கீழே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள், ஒரு கூட்டமே திருப்பிச் சொன்னது.

“சரி, எழுது,” என்றாள். “நீ இல்லாட்டி எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான் இருக்கும். அது என்னவோ நிஜம்.”

விசில் அந்தப் பத்தியைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தான். ‘ஆனால்’ என்று ஆரம்பித்தான். ஆனால் இப்போது பணியில் இருப்பவர்கள் தொடரலாம். சந்தோஷமாகத்தான் எழுதினான்.

மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. உறுப்பினர்கள் நாற்காலிகளில், மேடைக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட ஓட்டுப்பெட்டி, ஓரங்களில் கட்சிக்காரர்கள். விசில் பின்சுவரில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு முதுகை ஒட்டி நின்றான். புதுக் கண்ணாடி மூக்கில் சறுக்கியது. தலையைச் சற்று நிமிர்த்தினான், பழைய இடத்துக்குப் போயிற்று.

அக்கா மேடையேறினாள். கண்கள் நேராகப் பின்சுவருக்கு வந்து, அவனைத் தொட்டுவிட்டுத் திரும்பின. ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள் பேசிய மாதிரி என்றைக்கும் பேசியதில்லை. எடுத்த எடுப்பிலேயே மண்டபம் அவள் கைக்குள் வந்துவிட்டது. ஒரு தடவைதான் விசில் உள்ளங்கையை அழுத்த வேண்டியிருந்தது, உடனே வேகம் தணிந்தது. எதிரணியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தங்களையறியாமல் தலையாட்டினார்கள். இந்தப் பெண் ஜெயிக்கப்போகிறாள், என் அக்கா ஜெயிக்கப்போகிறாள் என்று விசிலுக்கு உடம்பெல்லாம் துடித்தது. ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நின்றவர் முன்பின் தெரியாதவர் என்பதால் விட்டான்.

அப்போதுதான் அவள் எழுதாத ஒன்றைச் சொன்னாள்.

“எங்கள் அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்,” என்றாள். “மேற்பார்வையாளர் இடம் காலியாகும் ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை உனக்குத்தான் என்பார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய மாப்பிள்ளை வந்து உட்காருவார். அந்த மாப்பிள்ளைக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் அப்பாதான். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கையில் இருக்கிற கிரீஸ் போகவில்லை என்று சொல்லிக்கொண்டு ரொம்ப நேரம் குழாயடியிலேயே நிற்பார். குழாயை மூடிய பிறகும் நிற்பார்.”

அந்தக் குழாயடி விசிலுக்குத் தெரியும். துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். அப்பாவைப் பற்றி அக்கா எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை, வீட்டில் பேசியதே அபூர்வம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அதனால் சொல்கிறேன்,” அக்காவின் குரல் கடைசி வரிசை வரை கணீரென்று போயிற்று. “எந்த மந்திரியும், எந்த உறுப்பினரும் தன் சொந்தக்காரரை அரசுச் சம்பளத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அது என் அலுவலகத்திலிருந்தே தொடங்கும்.”

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கண்ணாடி மங்கியது, சறுக்கியது. எல்லா மனிதரும் செய்கிற காரியத்தை விசிலும் செய்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான்.

மேடையில் அக்கா அடுத்த பத்திக்கு வாயைத் திறந்திருந்தாள். அடுத்த வார்த்தை ‘ஆனால்’. கண் பின்சுவருக்கு வந்தது. திறந்த வாயை மூடினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

விசில் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பார்க்கிறான், மேடை காலி. என்ன ஏது என்று புரியவில்லை. பிறகு தன் விரல்களில் இருந்த ஈரத்தைப் பார்த்தான். தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாளில் எத்தனையோ ஆட்டங்களுக்கு ஊதியிருக்கிறான், இப்படி ஒரு தப்பான விசில் ஊதியதில்லை. காதைத் தொட்டான், கையை ஆட்டினான், எழுந்திரு எழுந்திரு என்று உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினான். அந்தச் சைகை அவர்கள் அகராதியில் கிடையாது. அக்கா அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், நீ சொன்னால் சரிதான் என்பது போல.

நடு வரிசையில் இளைஞர் ஒருவர் எழுந்து கைதட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். கொறடாவின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொறடாவின் முகம் செத்துப்போயிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று விசில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அந்த ஓட்டுகளும் போச்சு, தன் வேலையும் போச்சு. ஒரே இழுப்பில் இரண்டும்.

நிதியமைச்சர் எழுந்தார். அதுவரை தன் பேச்சையே மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தவர், புன்னகையோடு தாள்களை விரித்தார்.

“அம்மையார் அழகாகப் பேசினார்,” என்றார் வழவழப்பாக. “ஆனால் இந்தச் சீர்திருத்த வீட்டுக்கு ஒரு கொல்லைக்கதவு இருப்பதைக் கவனித்தீர்களா? இப்போது இருப்பவர்கள் இருக்கலாமாம். ஊருக்கெல்லாம் பரீட்சை, இவருடைய தம்பிக்கு மட்டும் விலக்கு. இதற்குப் பெயர்தான் சீர்திருத்தமா?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் அடுத்த தாளைத் திருப்பினார்.

“தம்பிக்காக எழுதப்பட்ட இந்தப் பத்தியை...”

“எந்தப் பத்தி?” என்றார் முன்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர். “அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே.”

“என் ஆபீஸ்லேருந்தே தொடங்கும்னுதானே சொன்னாங்க,” என்றது இன்னொரு குரல்.

நிதியமைச்சர் அடுத்த தாளைப் பார்த்தார். அதற்கடுத்த தாளையும் பார்த்தார். எல்லாத் தாளிலும் அந்தக் கொல்லைக்கதவுதான் இருந்தது போலிருக்கிறது. பேச்சு முழுவதையும் அந்த ஒரு பத்தியை நக்கலடிக்கவே தயார் செய்து வைத்திருந்தார். மனிதர் எச்சில் விழுங்கினார். கண்கள் தன்னை மீறிக் கொறடா பக்கம் போயின. கொறடா கூரையில் சுற்றும் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க சொல்லாத பத்தி உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டார் அந்தப் பெண் உறுப்பினர். “யார் கொண்டாந்து கொடுத்தாங்க?”

அதற்குப் பிறகு மண்டபத்தை அடக்க முடியவில்லை. முதலில் சிரிப்பு, பிறகு கூச்சல். கொறடா இரண்டு கடையிலும் ஒரே சரக்கை விற்றிருக்கிறார் என்பது சின்னக் குழந்தைக்கும் விளங்கிவிட்டது. அவர் ஆட்களே அவரை விட்டு இரண்டு நாற்காலி நகர்ந்து உட்கார்ந்தார்கள். நிதியமைச்சர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு இறங்கினார். கண்ணெதிரில் நடந்தும் விசிலால் நம்ப முடியவில்லை. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவரும் உதறவில்லை.

ஓட்டுப் போட்டார்கள், பெட்டியைத் திறந்தார்கள், சீட்டுகளைப் பிரித்து அடுக்கினார்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்தே வளர்ந்தன. கடைசியில் ஒன்று நின்றுவிட்டது, இன்னொன்று நிற்கவில்லை. தேர்தல் நடத்திய முதியவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு அக்காவின் பெயரை வாசித்தார். பெயரின் பின்பாதி யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் கூரை இடிந்து விழுகிற மாதிரி சத்தம். விசில் குதித்தான், கத்தினான், வயசை மறந்து நாற்காலி மேல் ஏறினான். கீழே தெருவில் ஹார்ன்கள் அலற ஆரம்பித்தன. அவன் அப்பா வேலை பார்த்த அதே பணிமனையின் பேருந்தும் அதில் ஒன்றாக இருக்கும் என்று தோன்றியது. அழுதுகொண்டே சிரித்தான். கண்ணாடியை எத்தனை தடவை கழற்றித் துடைத்தானோ தெரியாது, இனி எத்தனை தடவை கழற்றினால்தான் என்ன.

மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில் அக்காவும் தம்பியும் ஒரு நிமிடம் தனியாக அகப்பட்டார்கள். அக்கா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே கைகள் கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தன.

“எப்படிடா தெரிஞ்சுது உனக்கு? அந்த ஆளு அதை வெச்சுத்தான் அடிக்கப்போறான்னு?”

“தெரியாதுக்கா. அழுகை வந்துச்சு. துடைச்சேன்.”

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, பிரதமராகப் போகிறவள் என்ற நினைப்பே இல்லாமல் சிரித்தாள். விசிலும் சிரித்தான். சிரித்து ஓய்ந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அக்காதான் முதலில் அவன் கழுத்து அட்டையிலிருந்து பார்வையை எடுத்தாள்.

“இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை,” என்றாள். “இப்ப பத்திரிகைக்காரங்க கேப்பாங்க. அங்க அந்தப் பத்தியைச் சொல்லிடறேன். ஓட்டு முடிஞ்சுடுச்சு, யாரு என்ன பண்ண முடியும்.”

“நான் சம்பளம் வேணாம்னு எழுதிக் கொடுத்துடட்டுமா? சும்மா வந்து நிக்கறேன்.”

“சம்பளமில்லாம ஆபீசுக்குள்ள உலாத்தற சொந்தக்காரன்தான் இருக்கறதிலேயே ஆபத்துன்னு நானே எத்தனை கேஸ்ல வாதாடியிருக்கேன். அதெல்லாம் வேணாம். நான் சொல்லிக்கறேன். நீ வழக்கம்போல பின்னாடி நில்லு.”

விசில் தலையாட்டினான். சொல்லட்டும் என்றுதான் அவன் மனசு கெஞ்சியது. பிரதமரோட செயலாளர். காலையில் மனைவி சொன்னபோது எப்படி இனித்தது. தவிர, அக்கா பேசும்போது பின்சுவரில் நிற்காமல் அவன் வேறு என்ன செய்வான்? அவனுக்கு வேறு என்ன தெரியும்?

முற்றத்தில் பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். விசில் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் மதிலோரம் நின்றான். அக்கா ஒலிவாங்கிகளுக்கு முன்னால் வந்தாள், கண் நேராக மதிலுக்கு வந்தது. ஆஸ்பத்திரிகளைப் பற்றிக் கேட்டார்கள், பதவியேற்பைப் பற்றிக் கேட்டார்கள், டக் டக்கென்று பதில் வந்தது. அப்புறம் ஒருவர் கையைத் தூக்கினார்.

“உங்க அலுவலகத்திலிருந்தே தொடங்கும்னு சொன்னீங்க. உங்க தனிச் செயலாளர் உங்க தம்பி. அவர் இருப்பாரா, போவாரா?”

எல்லாக் கேமராக்களும் அக்கா பக்கம் நெருங்கின.

“இதை நாம் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும்,” என்று அக்கா ஆரம்பித்தாள். விசிலுக்கு அந்த ஆரம்பம் தெரியும். நியாயம் தன் பக்கம் இல்லாதபோதுதான் அக்கா இரண்டு விதமாகப் பார்ப்பாள். “ஒரு சட்டம் வருவதற்கு முன்னால் பணியில் சேர்ந்தவர்களுக்கும் பின்னால் சேர்பவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றங்களே பல சமயம் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உதாரணத்துக்கு ஒரு ஆலைத் தொழிலாளியின் வழக்கு...”

உதாரணம் எடுத்துவிட்டாள். முன்கதை வரும். எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் மெதுவாயின. நிதியமைச்சரின் ஆள் ஒருவன் தூண் ஓரத்தில் நின்று மெல்லச் சிரிப்பதை விசில் பார்த்தான். வெளியே இன்னும் ஹார்ன் சத்தம் அடங்கவில்லை. அவனுக்குக் குழாயடியில் நின்ற அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. யாரோ ஒருவருடைய மாப்பிள்ளை. யாரோ ஒருவருடைய தம்பி.

அக்கா பேசிக்கொண்டே அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

விசில் கண்ணாடியைக் கழற்றினான். இந்தத் தடவை துடைக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா பாதி வாக்கியத்தில் நின்றாள். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு அவள் முகம் தெரியவில்லை, புடவையின் நிறம் மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. அந்த நிறம் அசையவே இல்லை. அப்பீல் செய்ய நினைக்கிறாளோ என்று பயந்தான். கையை இறக்கவில்லை.

“போவார்,” என்றாள். குரல் ஒரு இடத்தில் கம்மி, பிறகு சரியாயிற்று. “நாளையிலிருந்து என் தம்பி என் அலுவலகத்தில் இருக்க மாட்டார். அவ்வளவுதான். அடுத்த கேள்வி.”

பேனாக்கள் பறந்தன. கேமராக்கள் சடசடத்தன, நாலு பக்கமும் தலைகள் திரும்பி அவனைத் தேடின. விசில் கழுத்து அட்டையைத் தலைவழியாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற பெண் நிருபர் அவன் பக்கம் ஒலிவாங்கியை நீட்டினாள்.

“சார், நீங்கதானே அவங்க செயலாளர்?”

“இல்லைங்க,” என்றான் விசில். “நான் அவங்க தம்பி.”